ஃபிலிபஸ்டர்: தமிழில் என்ன சொல்?

க.செ. எழுதியது:

வணக்கம். அமெரிக்க ஆட்சிமுறை பற்றிய அறிமுகக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காங்கிரஸ், செனட் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். வீட்டோவுக்குத் தடுப்பதிகாரம் என்று எழுதியாயிற்று. ஃபிலிபஸ்டரில்தான் நிற்கிறோம்: செனட்டில் விவாதத்தை முடியவிடாமல் நீட்டி, வாக்கெடுப்பு நடக்காமல் தடுக்கும் உத்தி. கைவசம் இருப்பது 'காலங்கடத்தும் பேச்சு'. அடுத்த பத்தியிலேயே குளோச்சர், அதாவது விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் நடைமுறை, வருகிறது. இரண்டுக்கும் ஜோடியாகச் சொல் வேண்டும்.

இரா.மு.:

பேச்சு மறியல். சாலை மறியல், ரயில் மறியல் தெரியாத தமிழர் இல்லை. 1957இல் செனட் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் தனியாளாக நின்று பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது என்பது வேறு. அவர் செய்தது மறியல்தான்.

வ.தி.:

> பேச்சு மறியல்

இலக்கணம் இடிக்கிறது ஐயா. சாலை மறியல் என்றால் சாலையை மறித்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதே வாய்பாட்டில் பேச்சு மறியல் என்றால் பேச்சை மறித்தல் என்றுதான் விரியும். அது குளோச்சர்! நீங்கள் பேச்சால் மறித்தல் என்று மூன்றாம் வேற்றுமையாக எண்ணுகிறீர்கள்; படிப்பவர் சாலை மறியலைத்தான் எண்ணுவார். பொருள் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று, இன்றைய ஃபிலிபஸ்டரில் பேச்சே இல்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து, முட்டிக்கொண்ட சட்ட முன்வடிவை ஒருபுறம் வைத்துவிட்டு செனட் மற்ற வேலைகளைப் பார்க்கிறது. மறிப்பவர் எழுந்து நிற்கவே வேண்டாம். அதை உடைக்க விரும்புவோர்தான் ஓடியாட வேண்டும். 16 உறுப்பினர் கையெழுத்திட்ட மனு, நடுவில் ஒரு முழு அலுவல் நாள், பிறகு வாக்கெடுப்பு, அதில் 60 வாக்கு. அதற்குப் பிறகும் 30 மணி நேரம் வரை விவாதம் நீளலாம். 1917இல் செனட்டின் 22ஆம் விதியில் குளோச்சரைச் சேர்த்தபோது வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டார்கள். 1975இல் மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்காக மாற்றினார்கள். எனவே அவைக்கு வராதவரும் எதிர்த்து வாக்களித்தவர் கணக்கில்தான் சேர்வார்.

மறுபுறம், 2025இல் செனட் உறுப்பினர் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசினார். அவர் எந்த முன்வடிவையும் மறிக்கவில்லை. அது ஃபிலிபஸ்டர் ஆகாது. ஆகவே 'பேச்சு' என்ற சொல்லையே விட்டுவிட்டு, எதை மறிக்கிறார்களோ அதைச் சொல்வோம்: வாக்கெடுப்பு மறியல்.

ந.சி.:

எங்கட பக்கத்தில் மறியல் எண்டால் சிறை. 'மறியலுக்குப் போனவன்' எண்டால் ஜெயிலுக்குப் போனவன். விளக்கமறியல் எண்ட சொல் இலங்கைப் பேப்பரில் வராத நாள் இல்லை. உங்கட கையேடு யாழ்ப்பாணத்தாருக்கும் போகும்தானே? 'முட்டுக்கட்டை' இரு கரையிலும் விளங்கும்.

பு.அ.:

வேரைப் பார்க்காமல் சொல் ஆக்கக் கூடாது. டச்சு மொழியில் விரைபாய்ட்டர், கொள்ளையடித்துத் திரிபவன். ஸ்பானியத்தில் ஃபிலிபஸ்டெரோ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து, 1850களில் அமெரிக்க மன்றத்துக்குள் நுழைந்தது. வழியில் நின்று பறிப்போரை நம் முன்னோர் ஆறலைக் கள்வர் என்றனர். ஆறு வழி, அலைத்தல் வருத்திப் பறித்தல். அவையை அப்படிச் செய்வது அவையலைப்பு. மறியோ சங்கப் பாட்டில் ஆட்டுக்குட்டி!

வ.தி.:

ஆட்டுக்குட்டி மறி பெயர்ச்சொல். தடுத்தலைக் குறிக்கும் மறி வினை. இரண்டையும் குழப்ப வேண்டாம். அவையலைப்பு எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஆறலை கள்வர் நினைவுக்கு வராதவருக்கு அலை என்றால் கடலலைதான். அவை என்று பொதுவாகச் சொல்வதும் தவறு. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையில் ஃபிலிபஸ்டரே கிடையாது. விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அங்கே முன்கூட்டியே வரையறுத்துவிடுவார்கள்.

இரா.மு.:

பேச்சு மறியலைத் திரும்பப் பெறுகிறேன். வாக்கெடுப்பு முடக்கம் எப்படி?

க.செ.:

அரசு முடக்கம் ஐந்தாம் அத்தியாயத்தில் ஷட்டவுனுக்குப் போய்விட்டது. ஒரே நூலில் இரண்டு முடக்கம் வேண்டாம்.

இதுவரை வந்த மடல்களில் மூவர் முட்டுக்கட்டைப் பக்கம் சாய்கிறீர்கள், தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து. முதல் இடத்தில் 'வாக்கெடுப்பு முட்டுக்கட்டை எனும் ஃபிலிபஸ்டர்', பிறகு முட்டுக்கட்டை மட்டும். குளோச்சருக்கு விவாத முடிப்பு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: '1964 ஜூன் 10 அன்று 71க்கு 29 என்ற கணக்கில் விவாத முடிப்பு நிறைவேற, குடிமை உரிமைச் சட்டத்தின் முட்டுக்கட்டை அகன்றது.' தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது.

வ.தி.:

சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் 60 வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். அதிபரின் மற்ற நியமனங்களுக்கு 2013இலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 2017இலும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கினார்கள். வரவுசெலவு இணக்க (ரிகன்சிலியேஷன்) முன்வடிவுக்கு விவாதமே 20 மணி நேரம்தான். அதற்கும் 60 தேவையில்லை. பலர் தடுக்கிவிழும் இடம் இது.

பு.அ.:

முட்டுக்கட்டை தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போடுவது. போடுகிறவர் தேர் ஓட வேண்டும், திரும்ப வேண்டும், நிலைக்கு வந்து சேர வேண்டும் என்று போடுகிறார். சக்கரத்தின் கூடவே ஓடி, கட்டையைச் சரித்துச் சரித்துப் போடுகிறார். தேர் நிலைக்கு வரவே கூடாது என்பவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. அவையலைப்பு என்பதே என் கருத்து என்று பதிந்துகொள்ளுங்கள்.