சளியில டிபி இல்ல, ஆனா காய்ச்சலும் விடல: மெலியாய்டோசிஸ் வந்தவங்க வீட்டு அனுபவங்கள்

ஆத்தூர் பொண்ணு

எங்கப்பா நெல் விவசாயி. ரொம்ப வருஷமா சுகர் உண்டு. ஐப்பசி மழையில நடவு முடிஞ்ச கையோட காய்ச்சல், இருமல், ராத்திரியில உடம்பெல்லாம் வேர்வை. எக்ஸ்ரேயில நுரையீரல் மேல்பகுதியில ஓட்டை தெரிஞ்சதும் டிபின்னுட்டாங்க. சளியில டிபி கிருமி இல்ல, டிபி கிருமியோட மரபணுவைத் தேடற சிபிநாட் டெஸ்ட்டும் நெகட்டிவ். அப்புறமும் டிபி மாத்திரைதான் கொடுத்தாங்க. நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போனாரு.

சேலத்துல வேற டாக்டரம்மாகிட்ட காட்டினோம். அவங்க முதல்ல கேட்டதே, “ஐயா, சேத்துல வெறுங்காலோடதான் இறங்குவீங்களா?”ன்னுதான். ரத்தம், சளி, மூத்திரம் மூணையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. முதல் ரிப்போர்ட்ல ‘சூடோமோனாஸ் வகை’ பாக்டீரியான்னு மட்டும் இருந்துச்சு. அவங்க அதோட விடல. கீழே எந்த ஆன்டிபயாடிக்குக்கு அந்தக் கிருமி அடங்குதுன்னு இருந்த பட்டியலைப் பார்த்தாங்க. ஜென்டாமைசின், கொலிஸ்டின் ரெண்டுக்கும் அடங்கல, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குது. வழக்கமான சூடோமோனாஸ்ல இது தலைகீழா இருக்கும்னு சொல்லி, லேபுக்கே போன் போட்டு மறுபடி பார்க்கச் சொன்னாங்க. அப்பதான் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லைன்னு, அதாவது மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கற மண்ணுக் கிருமின்னு தெரிஞ்சுது. டிபி மாத்திரையை நிறுத்திட்டு மெரோபெனம்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசியை ஏத்தினாங்க. அந்த ஒரு போன்தான் எங்கப்பாவைக் காப்பாத்துச்சுன்னு நான் நம்பறேன்.

உங்க வீட்ல யாருக்காவது வந்திருந்தா, எந்த டெஸ்ட்ல பிடிபட்டுச்சுன்னு எழுதுங்க.

மைக்ரோ லேப், சேலம்

தங்கச்சி, அப்பா தேறிட்டாருன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு. லேப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

இந்தக் கிருமி மெதுவா வளரும். மறுநாள் கிருமி வளர்க்கிற தட்டுல பொடிசாத்தான் தெரியும். காஞ்சு சுருங்கின மாதிரி அதோட நிஜ உருவம் வர மூணு நாலு நாள்கூட ஆகும். அதுக்குள்ள தட்டை ஒதுக்கிட்டா போச்சு. சளியில வேற கிருமிகளும் சேர்ந்து வளர்றதால இது அடியில மறைஞ்சிடும். அதுக்காகத்தான் ஜென்டாமைசின் கலந்த ஆஷ்டவுன் அகார்னு கிருமி வளர்க்கிற கூழ் இருக்கு. மத்ததுல நிறைய அதுல அடங்கிடும், இது வளரும். மைக்ரோஸ்கோப்ல ரெண்டு முனை மட்டும் சாயம் ஏறி ஊக்கு மாதிரி தெரியும். ஆனா வேற சில கிருமியும் அப்படித் தெரியறதால அதை மட்டும் நம்பக் கூடாது. ஆட்டோமேட்டிக் மெஷின்கூட சில சமயம் இதை ‘செபேசியா’ங்கிற இதோட சொந்தக்காரக் கிருமின்னு காட்டிடும்.

இன்னொண்ணு, கல்ச்சர் நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல. இருக்கிறவங்கள்ல சுமார் 60% பேருக்குத்தான் கல்ச்சர்ல மாட்டுது. சந்தேகம் இருந்தா திரும்பத் திரும்ப எடுக்கணும். அதே நேரம் ஒரே ஒரு சாம்பிள்ல வந்தாலும் அது நோய்தான், உடம்புல சும்மா தங்கியிருக்கிற கிருமி இல்ல. ரத்தத்துல எதிர்ப்புப் புரதம் பார்க்கிற டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ண முடியாது. இந்தக் கிருமி மண்ணுல இருக்கிற ஊர்ல நல்லா இருக்கிறவங்களுக்கும் பாசிட்டிவ் வரும்.

ரங்கூன்ல விட்மோர், கிருஷ்ணசாமின்னு ரெண்டு டாக்டருங்க 1912லயே எழுதி வெச்ச நோய் இது. இன்னிக்கும் டாக்டர்கிட்ட இருந்து எங்களுக்கு வர்ற டெஸ்ட் சீட்டுல ‘காய்ச்சல்’னு ஒத்தை வார்த்தைதான் இருக்கு. சுகர் இருக்கு, வயல் வேலை, மழைக்காலத்துல ஆரம்பிச்சுதுன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. நாங்க தட்டைக் கூடுதல் நாள் வைப்போம், பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்ள வெச்சுத்தான் திறப்போம். லேப்ல வேலை செய்யறவங்க உயிரும் அதுல இருக்கு.

ஏற்காடு மலைவாசி

எங்க சித்தப்பா காபி எஸ்டேட்ல வேலை பார்க்கிறாரு. அவருக்கும் சுகர். நிமோனியான்னு மருந்துக்கடையிலயே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டுத்தான் கீழே இறங்கினாரு. அதனாலயோ என்னவோ ரத்தத்துலயும் சளியிலயும் ஒண்ணும் முளைக்கல. வயித்து ஸ்கேன்ல மண்ணீரல்ல சீழ்க்கட்டி இருந்துச்சு. அந்தச் சீழை ஊசியில எடுத்து அனுப்பினப்பதான் வந்துச்சு. நெஞ்சு நோய்னு நெஞ்சை மட்டும் பார்க்காம வயித்தையும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.

அக்கா, ஊசி முடிஞ்ச பிறகு உங்கப்பாவுக்கு எவ்வளவு நாள் மாத்திரை?

ஆத்தூர் பொண்ணு

தம்பி, கோட்ரைமாக்சசோல் குறைஞ்சது 3 மாசம்னு சொல்லியிருக்காங்க. காய்ச்சல் போயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினா திரும்ப வருமாம். பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள் எல்லாம் அப்பப்ப பார்க்கிறாங்க. சித்தப்பாவுக்கும் பார்க்கிறாங்களான்னு கேட்டுக்கோ.