பைப் ஆர்கனை ரிப்பேர் பண்ணலாமா, கழட்டிட்டு கீபோர்டு வாங்கலாமா?

பாளை_டெனர்:
எங்க சர்ச்சுல வெள்ளைக்காரன் காலத்து பைப் ஆர்கன் ஒண்ணு இருக்கு, ரெண்டு மேனுவல் (கையால வாசிக்குற கட்டை வரிசை), காலால வாசிக்குற பெடலும் உண்டு, எட்டு வருஷமா யாரும் வாசிக்கல. போன வாரம் கொயர் பசங்களோட உள்ள போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன், துருத்தி மடிப்புல இருக்குற தோலை லேசா தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கி கையோட வந்துட்டு. காத்து ஏத்துற மோட்டாரு, ப்ளோயரைப் போட்டா உஸ்ஸுன்னு காத்து போகுது, கட்டையத் தொடாமலே ஒரு நோட் விடாம ஊளையிடுது. முன்னாடி ஒருத்தர் வந்து ட்யூன் மட்டும் பண்ணி காசு வாங்கிட்டுப் போனாரு, ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிட்டு. இப்ப கமிட்டில குழாயெல்லாம் எடைக்குப் போட்டுரலாம்னு பேச்சு. கரன்ட் வரதுக்கு முன்னாடி எங்க தாத்தா கைப்பிடி அடிச்சு காத்து ஏத்துன ஆர்கன் இது, மனசு கேக்கல. எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

தச்சன்மகன்:
தம்பி, எடைக்குப் போட மட்டும் விடாதீங்க. வெள்ளீயமும் காரீயமும் கலந்து தகடா வார்த்து, உருட்டி, பத்த வச்ச குழாய் அது, போனா போனதுதான். ட்யூனிங் கடைசி வேலை. காத்து அழுத்தம் குறைஞ்சா சுருதி இறங்கும், ஒழுக்கை அடைக்காம ட்யூன் பண்ணா அது எப்படி நிக்கும்? முதல்ல துருத்திக்குத் தோல் மாத்துங்க, நல்லா பதப்படுத்துன மெல்லிசு ஆட்டுத்தோல் வேணும். ஒட்டுறதுக்கு வச்சிரம்தான் (தோல், எலும்பு காய்ச்சி எடுக்குற பசை), பாட்டில்ல வர்ற வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். வச்சிரத்தை வெந்நீர் ஒத்தடம் குடுத்தா எடுத்துரலாம், இன்னும் அம்பது வருஷம் கழிச்சு தோல் மாத்த வர்றவனுக்கும் மரம் பாழாகாது.

ஊளையிடுற நோட்டுக்கு சைஃபர்னு பேரு. அந்த நோட்டுக்குன்னு குழாய்க்குக் கீழ இருக்குற காத்துப் பெட்டில ஒரு குட்டிக் கதவு இருக்கும், அதுல தூசி மாட்டியிருக்கும் இல்ல ஸ்ப்ரிங் செத்திருக்கும், மழைக்காலத்துல மரம் உப்புனாலும் இப்படி ஆகும். பெரும்பாலும் சின்ன வேலைதான்.

கிர்க்_ஆல்டோ:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. வெயில் ஏறுனா சாதாரண குழாய்ல சுருதி ஏறும், உள்ள நாக்குத் தகடு அதிர்ந்து சத்தம் போடுற ரீட் குழாய் அந்த அளவுக்கு நகராது, ரெண்டும் சேந்தா காது கூசும். அதனால மத்தியானச் சூட்டுல ட்யூன் பண்ண விடாதீங்க, ஆராதனை நடக்குற நேரத்துச் சூட்டுலயே பண்ணச் சொல்லுங்க. சென்னை எழும்பூர் செயின்ட் ஆன்ட்ரூஸ் கிர்க் சர்ச்சுல இருக்குற ஆர்கன் 1883ல இங்கிலாந்து ஹடர்ஸ்ஃபீல்டு கானக்கர் கம்பெனி பண்ணது, நூறு வருஷம் தாண்டியும் ஆராதனைக்கு வாசிச்சிருக்காங்க. பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்துல 2019 தீ விபத்துல ஆர்கன் தப்பிச்சுது, ஆனா கூரை ஈயம் உருகுன தூசி உள்ள பூரா படிஞ்சு போச்சு. 2020ல கழட்டி, கிட்டத்தட்ட 8,000 குழாயையும் சுத்தம் பண்ணி, பகல்ல கட்டட வேலை சத்தம்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து ட்யூன் பண்ணாங்க, 2024 டிசம்பர்ல திரும்ப வாசிச்சாச்சு. உங்களுது அதுல ஒரு மூலைக்குக் கூட வராது, தைரியமா கமிட்டில பேசுங்க.

தச்சன்மகன்:
கழட்டும்போது மாஸ்க் போடுங்க, ஈயத் தூசி நல்லதில்ல. குழாயை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிராதீங்க, விரல் பட்டாலே நசுங்கும். ஒவ்வொண்ணுலயும் நோட் பேரு பொறிச்சிருக்கும், போட்டோ எடுத்துட்டு கை வைங்க.

பாளை_டெனர்:
ரொம்ப நன்றிண்ணே. நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டோம், பொறிச்ச எழுத்து தெளிவா தெரியுது, நாலு குழாய்தான் நசுங்கியிருக்கு. பின்னாடி சட்டத்துல கரையான் மண்ணு இருக்கு, அதுக்கு நாளைக்கே ஆள் வருது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல துருத்திக்கு மட்டும் முதல்ல பணம் கேக்கப் போறோம்.