புதுப்பிப்பு: 33,550,336 பற்றி ஒரு திருத்தம்

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண் என விளக்கி, அவ்வரிசையில் ஐந்தாவதான 33,550,336 பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, நிறைவெண்கள் 6, 8 என மாறி மாறி முடியும் என்றும் சொல்லியிருந்தேன், அது தவறு. 6, 28, 496, 8128, 33,550,336 வரை அவ்வாறே அமைந்தாலும், ஆறாவதான 8,589,869,056 மீண்டும் 6-இலேயே முடிகிறது. பழங்காலக் கிரேக்கரான நிக்கோமாக்கசும் இவ்வாறே நம்பினார் என்பது எனக்குச் சிறு ஆறுதல்.

நேற்று பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெரியில் திரும்புகையில் மற்றதையும் கையாலேயே சரிபார்த்தேன். இவ்வெண் 4096 × 8191 எனப் பிரிகிறது. 8191 பகா எண்ணாக இருந்தால்தான் 33,550,336 நிறைவெண்ணாகும் என்பதால், அது பகா எண்தானா என்பதே கேள்வி. 2-இன் 13-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைந்தது என்பதால், அதன் பகாக் காரணி எதுவாயினும் 26-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வர்க்கமூலம் 90-ஐச் சற்றே தாண்டுவதால், சோதிக்க வேண்டியவை 53, 79 ஆகிய இரண்டு மட்டுமே. முதலாவது 29-ஐயும் அடுத்தது 54-ஐயும் மீதி வைத்தன. உணவுக்கடை ரசீதின் பின்புறமே போதுமானதாக இருந்தது.

1 முதல் 8191 வரை கூட்டினாலும், 1 முதல் 127 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே எண்தான் கிடைக்கிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதுவும் ஒரு நிறைவெண். அதைத் தற்செயல் என்றே கருதுகிறேன்.