முன்பு மூன்றாம் டிகிரி கிழிசல்: இரண்டாவதுக்கு நார்மலா, சிசேரியனா?

செம்பூர்க்காரி:
எனக்கு 31 வாரம். மூத்தவளுக்கு நான்கு வயது. 3.7 கிலோ, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆசனவாய்த் தசை பாதிக்கு மேல் கிழிந்து, தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் '3பி' என்று இருந்தது. யாரும் விளக்கவில்லை. ஏதோ வார்டு நம்பர் என்று நினைத்தேன்!

முதல் ஆறு மாதம் பட்ட பாட்டை எழுத முடியாது. இப்போது பரவாயில்லை. ஆனால் வாயுவை அடக்க முடியாது. மோஷன் வந்தால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. வேலை மும்பை ஃபோர்ட்டில், போவது ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில். லோக்கலில் டாய்லெட் ஏது? வெறும் வயிற்றோடு ஏறி, ஆபீசில்தான் டிபன். வடாலாவில் வண்டி சும்மா நின்றாலே வியர்த்துவிடும். வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுக்கிறார்கள், நான்தான் கதவோரம் நிற்கிறேன். அங்கேதான் காற்று வரும், புரிகிறதா?

டாக்டர் 'உங்கள் விருப்பம்' என்கிறார். மாமியார், 'ரெண்டாவது வழுக்கிக்கிட்டு வந்துரும், கத்தி எதுக்கு?' என்கிறார். அம்மா சிசேரியன் கட்சி. கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். இப்படி இருந்து முடிவெடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

முலுண்டு அக்கா:
எனக்கு 3ஏ, அதாவது தசையில் பாதிக்கும் குறைவான கிழிசல். உங்கள் 3பி பாதிக்கு மேல். இரண்டாவது நார்மல்தான். ஆனால் எனக்குத் தொந்தரவு எதுவும் மிச்சமில்லை, ஆசனவாய் ஸ்கேனும் நன்றாக இருந்தது. 35 வாரத்திலிருந்து எண்ணெய் தொட்டு மசாஜ். தலை தெரிந்ததும் சிஸ்டர் வெந்நீரில் பிழிந்த துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ஹளூ, ஹளூ' (மராத்தியில் 'மெதுவா, மெதுவா') என்று முக்கவிடாமல் நிறுத்தினார். சின்னக் கிழிசல், நாலு தையல், அவ்வளவுதான்.

மாதுங்கா:
நான் சிசேரியன், 39 வாரத்தில். இருமினால் உயிர் போகும். மூத்தவனை ஆறு வாரம் தூக்கவில்லை. மூன்றாவது வேண்டுமென்றால் யோசியுங்கள். கர்ப்பப்பைத் தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடும்.

ரிடையர்டு சிஸ்டர்:
பாரும்மா, லேபர் வார்டில் முப்பது வருஷம் இருந்தவள் சொல்கிறேன். இந்த ரயில் கதையை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் 'உங்கள் விருப்பம்' என்று விட்டிருக்க மாட்டார். மறுபடி இப்படிக் கிழிவது நூற்றுக்கு 5 முதல் 7 பேருக்கு என்று பிரிட்டிஷ் மகப்பேறு கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் கேட்டால் குறைச்சல்தானே என்று தோன்றும். ஆனால் தொந்தரவு மிச்சமிருந்தாலோ ஸ்கேன் சரியில்லாவிட்டாலோ சிசேரியனைப் பற்றி டாக்டரே எடுத்துப் பேச வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. சிசேரியன் பழைய காயத்தை ஆற்றாது. இருக்கிற தசையை இன்னொரு தடவை கிழிய விடாது. அப்புறம், அந்தக் கதவோரத்தை இன்றைக்கே விடு.

செம்பூர்க்காரி:
சொல்லவில்லை சிஸ்டர். ஒவ்வொரு விசிட்டிலும் 'மோஷன் சரியா?' என்பார், 'சரி' என்பேன். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

செம்பூர்க்காரி (பத்து நாள் கழித்து):
கணவரை பில் கட்ட அனுப்பிவிட்டுச் சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'நாலு வருஷமாவா?' என்றார். ஆசனவாய் ஸ்கேனும், அழுத்தம் அளக்கும் டெஸ்டும் எழுதினார். தசையின் முன்பக்கத்தில், கடிகார முள் 11லிருந்து 1 வரை, இன்னும் இடைவெளி இருக்கிறது. சிசேரியன்தான், 39 வாரத்துக்குத் தேதி வாங்கியாச்சு. மாமியாரிடம் குழந்தை குறுக்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்றார் கணவர். வேண்டாம், உள்ளதையே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். 'இதையெல்லாமா டாக்டர்கிட்ட பேசினா?' என்றாராம். பேசினேன்.

மாதுங்கா, ஆறு வாரம் எப்படிச் சமாளித்தீர்கள்? எங்களுடையது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. இவள் முதல் படியிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.