சொல்லாய்வு: ஹைப்பர்அக்யூமுலேட்டர் – ‘மிகைத்திரட்டி’யா, ‘மீத்திரட்டி’யா?

அன்புள்ள குழுவினர்க்கு,

தென்சீனக் கனிமங்களும் பயன்தாவரங்களும் பகுதிக்கான சொற்பட்டியலில் ஹைப்பர்அக்யூமுலேட்டர் என்பதற்கு நேராக ‘உலோகம் உறிஞ்சும் தாவரம்’ என்று இருக்கிறது. இது பொருந்தாது. இரும்பும் துத்தநாகமும் செம்பும் இல்லாமல் எந்தச் செடியும் வளராது. அப்படிப் பார்த்தால் வெண்டையும் உலோகம் உறிஞ்சுவதுதான். மற்ற செடிகள் பட்டுப்போகும் அளவை இலையில் சேர்த்துவைத்துக்கொண்டும் செழித்து நிற்கிற செடிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

வரையறையில் எண் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த இலையில் நிக்கலோ ஆர்சனிக்கோ 1,000 மி.கி., செம்பு 300, துத்தநாகம் 3,000, மாங்கனீசு 10,000. செடி தன் இயல்பான நிலத்தில் வளரும்போதே இந்த எல்லையைத் தாண்ட வேண்டும். என் பரிந்துரை: ‘உலோக மிகைத்திரட்டி’. தென்சீனத்துச் செப்புப்பூச் செடியை எடுத்துக்காட்டாகப் போடலாம்.

அன்புடன்.

---

> என் பரிந்துரை: ‘உலோக மிகைத்திரட்டி’

ஐயா, ‘திரட்டி’ நன்று. மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதலில் ‘உலோக’. இந்த வகையில் மிகவும் பேசப்படும் செடி டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி. சீனத்தில் அதற்குப் பூரான்புல் என்று பெயர். அது திரட்டுவது ஆர்சனிக்கை, ஆர்சனிக் உலோகப்போலி, அதாவது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது. 2001இல் ஃபுளோரிடாவிலிருந்து வந்த ஆய்வில், மாசுபட்ட மண்ணில் வளர்ந்த பெரணியின் இலையில் கிலோவுக்கு 7,526 மி.கி. வரை இருந்தது. கிலோவுக்கு 1,500 மி.கி. ஆர்சனிக் கலந்த மண்ணில் 6 வாரம் வளர்த்தபோது 22,630 மி.கி.யை எட்டியது. ‘உலோக’ என்று முன்னொட்டு வைத்தால் இந்தச் செடியே வெளியே போய்விடும். தனிமத்தின் பெயரையே முன்னால் வைப்போம்: நிக்கல் மீத்திரட்டி, ஆர்சனிக் மீத்திரட்டி.

அடுத்து ‘மிகை’. தமிழில் மிகை என்றால் வேண்டாத கூடுதல் என்ற சாயல் வருகிறது. மிகைப்படுத்தல், மிகைச்செலவு என்பவற்றைப் பாருங்கள். அந்தப் பெரணிக்கோ இது தாங்க முடியாத சுமை அன்று. ஆர்சனிக்கை இலைச் செல்லின் குமிழறைகளில் (வேக்குவோல்) அடைத்துப் பூட்டிவிட்டுத் தன்பாட்டுக்கு வளர்கிறது. ஹைப்பர் என்பதற்கு மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீயிணைப்பு (ஹைப்பர்லிங்க்) என்று ‘மீ’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ஆகவே ‘மீத்திரட்டி’.

> செப்புப்பூச் செடியை எடுத்துக்காட்டாகப் போடலாம்

கூடவே கூடாது. ஹூபெய் மாகாணத்தில் 1973இல் வெளிப்பட்ட தோங்லூஷான் பழஞ்செப்புச் சுரங்கப் பக்கத்தில், இலையுதிர் காலத்தில் ஊதாநிறமாகப் பூக்கும் துளசிக் குடும்பச் செடி அது, பேரினம் எல்ஷோல்ட்ஸியா. செம்பு நிறைந்த மண்ணில் அடர்ந்து வளர்வதால் தாது தேடுவோருக்கு அது அடையாளம். ஆனால் செம்பின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது, இலைக்கு ஏற்றுவதில்லை. இலையில் ஏராளமான செம்பு என்று முதலில் வந்த அளவுகள் சிலவற்றுக்குக் காரணம் இலையில் படிந்த சுரங்கத் தூசி.

தூசிப் பிழை இந்தத் துறையில் அடிக்கடி நேர்வது. இலையைக் குழாய்நீரில் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, 70 பாகை செல்சியசில் எடை நிலைக்கும் வரை உலர்த்தி, அதன் பிறகே பொடித்து நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். கூடவே டைட்டேனியத்தையும் அளக்க வேண்டும். செடிகள் அதை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. அது கூடுதலாகத் தெரிந்தால் மண் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

ஆகவே செப்புப்பூவுக்கு வேறு சொல் வேண்டும்: ‘தாதுசுட்டி’. உலோகத்தை இலைக்கு விடாமல் வேரில் நிறுத்தும் தன்மைக்கு ‘விலக்கி’. ஒரே செடி தாதுசுட்டியாகவும் விலக்கியாகவும் இருக்கலாம், இதுவே சான்று.

---

இருவருக்கும் வணக்கம். ‘மீத்திரட்டி’க்கு என் ஒப்புதல். வலைப்பதிவுத் திரட்டியோடு குழம்பாமல் ‘மீ’யே காத்துவிடும்.

தாதுசுட்டியும் மீத்திரட்டியும் வேறு என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. ஜியாங்ஷி மாகாணத்தின் தென்பகுதியில் களிமண்ணோடு ஒட்டிய அருமண் தனிமப் (லாந்தனம், சீரியம் போன்றவை) படிவுகள் இருக்கின்றன. அங்கே வளரும் டைக்ரானோப்டெரிஸ் பெரணி அவற்றைக் கிலோவுக்கு 1,000 மி.கி.க்கு மேல் இலையில் திரட்டுகிறது. ஆனால் அருமண் இல்லாத புளிப்பு மண்ணிலும் புதர்போல் மண்டும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. அதை நம்பித் தாது தேடினால் ஏமாற்றம்தான். மீத்திரட்டி, ஆனால் தாதுசுட்டி அன்று.

இன்னொன்று. பட்டியலில் ஃபைட்டோமைனிங்குக்கு ‘தாவரச் சுரங்கம்’ என்று இருக்கிறது. எதையும் தோண்டுவதில்லையே! நிக்கல் செடிகளை வெட்டி எரித்துச் சாம்பலிலிருந்து உலோகம் எடுப்பதற்கு ‘உலோக அறுவடை’ சரியாகும். பூரான்புல்லுக்கு அந்தச் சொல்லை நீட்டிவிடக் கூடாது. அங்கே நோக்கம் மண்ணைத் தூய்மை செய்வது, வெட்டிய இலை நச்சுக்கழிவு. கிழங்கை விட்டு மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். வெட்டியதைத் தீவனமாகவோ தழையுரமாகவோ போடலாகாது. திறந்தவெளியில் கொளுத்தினால் ஆர்சனிக் வெள்ளைப் பாடாணமாகப் புகையோடு போகும். ‘அறுவடை’ என்ற சொல்லைப் பார்த்து யாராவது ஆட்டுக்குப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. இதற்குத் ‘தாவரவழி மண்மீட்பு’ என்று தனிப்பதிவு வேண்டும். நச்சு எச்சரிக்கை அடிக்குறிப்பாக அல்லாமல் வரையறைக்குள்ளேயே வரட்டும்.

எண்களோடு பதிவுகளைத் திருத்தி நாளை அனுப்புகிறேன். ‘விலக்கி’க்கு மட்டும் இன்னும் ஒருவர் கருத்துச் சொன்னால் நல்லது, ‘தடுப்பி’யும் என் மனத்தில் இருக்கிறது.