நொட்டாங்கைக்காரங்களும் டூல் பெல்ட்டும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வயர்மேன், திருப்பூர்

ரெண்டு வாரமாச்சு, இன்னும் மனசு ஆறல. மூணாவது மாடி பால்கனி, கைப்பிடி வைக்காத கட்டடம். சீலிங் பாயின்ட்டுக்கு ஏணி மேல நிக்கிறேன். எனக்கு எல்லா வேலைக்கும் இடது கைதான். வேலை கொடுத்தவங்க தந்த பெல்ட்டுல கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாமே வலது இடுப்புல. வலது கை ஏணியைப் பிடிச்சிருக்கு. அப்போ இடது கை வயித்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும், அதுக்கு உடம்பு மொத்தமும் திரும்பணும். திரும்பினேன். ஏணிக் கால் ஒரு விரக்கடை நகர்ந்துச்சு. நான் ரெண்டு கையாலயும் ஏணியைப் பிடிச்சேன், பாதி உருவின ஸ்க்ரூ டிரைவர் கீழ போயிருச்சு.

கீழ கலவை போட்டுட்டிருந்த அக்கா பக்கத்துல இருந்த பாண்டுச் சட்டியில விழுந்து 'டங்'னு ஒரு சத்தம். அவங்க அதை எடுத்துப் பார்த்துட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை பேசல. அந்தப் பார்வைதான் தூங்க விட மாட்டேங்குது.

பையை இடது பக்கம் நகர்த்திக் கட்டிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. கட்டிப் பார்த்துட்டேன். வலது இடுப்புல முன்னால சாய்ஞ்சிருக்கிற பை வாய், இடது பக்கம் போனா பின்னால சாயுது. மணிக்கட்டை மடக்கித்தான் உருவ முடியும். உட்கார்ந்து எழுந்தா டெஸ்டர் தரையில கிடக்கு.

கம்பி கட்டுறவன், சிங்கப்பூர்

அண்ணே, எனக்கும் அதே கதை. கட்டுக்கம்பியை முறுக்குற கொக்கி எனக்கு இடது கையில. ஆனா கட்டுக்கம்பி வைக்கிற பையும் இடது பக்கமே தச்சிருக்கு. வலது கையைக் குறுக்க விட்டு உருவினா கம்பி முனை விலாவுல கீறும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உருவுவோம்னு இந்த வேலை தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. லீவுக்கு ஊருக்குப் போனப்போ அம்மா என் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாங்க. இடது விலாவுக்கு நேரா பொத்தல் பொத்தலா இருந்ததை விரலால தடவிட்டு, "யாருய்யா ஒன்னைய குத்துனா?"ன்னு கேட்டாங்க. சூப்பர்வைசர்கிட்ட பை மாத்திக் கேட்டதுக்கு வந்த பதில், "பீச்சாங்கையை மாத்திப் பழகு."

தச்சு வேலை, நாகர்கோவில்

முதல்ல எழுதின தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பெல்ட் மேல பழி போடறதுக்கு முன்னாடி, ஏணியைப் பிடிக்க ஆள் ஏன் இல்ல? கருவிக்குக் கயிறு ஏன் கட்டல? 10 மீட்டர் உயரத்துல இருந்து விழுற எந்தக் கருவியும் ஒன்றரை செகண்டுக்குள்ள தரைக்கு வந்துரும், அப்போ அதோட வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். சட்டியில விழுந்தது அந்த அக்காவோட நல்ல நேரம். கைப்பிடியில நைலான் கயிறை இறுக்கிக் கட்டி பெல்ட்டுல முடிங்க. உலோகச் சங்கிலி வேண்டாம், நீங்க கரண்ட் வேலை. கயிறு கை நீட்டுற தூரம் போதும், அதுக்கு மேல நீளம்னா ஏணிப் படியில மாட்டும். சுத்தியலுக்கு பெல்ட்டுல இருக்கிற வளையத்தை நம்பாதீங்க, அதுக்கும் கயிறு கட்டுங்க.

நான் சோத்தாங்கைக்காரன். என் மச்சினனுக்கு இடது கை, அவனுக்காக ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பை வச்ச பெல்ட் வாங்கினோம். பிரச்சனை முடிஞ்சது.

தோல் கட்டிங், ஆம்பூர்

முடியாது ஐயா. ரெண்டு இடுப்புக்கும் வேலை வேற வேற. ஒரு பக்கம் கருவி, மறுபக்கம் ஆணி, ஸ்க்ரூ, கம்பி. ரெண்டையும் ஒரே மாதிரி தச்சா வாயை நேரா வெட்டணும், சாய்வு போயிரும். வலது கைக்கும் சுகமில்ல, இடது கைக்கும் சுகமில்ல. உங்க மச்சினன்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

என் நெஞ்சுல நிக்கிறது வேற. பெல்ட் ஆர்டர் ஒண்ணு வந்தப்போ, பத்துல ஒருத்தருக்கு இடது கை இருக்கே, கொஞ்சம் இடது பக்கத்துக்கும் வெட்டலாமான்னு கேட்டேன். "தனி டை அடிக்கணும், செலவு"ன்னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாங்க. டைன்னா தோலை ஒரே வடிவமா வெட்டுற அச்சு. என் கையில அப்போ இருந்தது ஷூவோட மேல்தோல் வெட்டுற டை. ரெண்டு பக்கமும் கூர் உள்ளது. இப்படி வச்சா இடது கால், கவுத்து வச்சா வலது கால். தினமும் ஜோடி ஜோடியா வெட்டுற ஊர் இது. தோலுக்கு முகப்பு ஒரு பக்கம்தான், அதனால டையைக் கவுத்தாத்தான் எதிர்ப்பக்கம் கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். அன்னைக்கு வாயை மூடிட்டு வெட்டினேன். சொல்லியிருக்கணும்.

தைக்கக் கொடுக்கிறவங்களுக்கு: பையை பெல்ட்டோட சேர்த்து ரிவிட் அடிக்க விடாதீங்க. பின்னால அகலமா வார் வச்சு, கோத்துக் கழட்டுற மாதிரி கேளுங்க. சுத்தியல் வளையம் தனியா இருக்கட்டும், எந்தப் பக்கமும் மாட்டலாம். சாய்வா வாய் வர்ற பையும் கத்தி உறையும் மட்டும் கண்ணாடியில தெரியுற மாதிரி எதிரா வெட்டணும், அதுல சமரசம் வேண்டாம். இடுப்பு அளவை, வேலைச் சட்டை, ஹார்னஸ் (உயரத்துல போடுற பாதுகாப்பு வார்) எல்லாம் போட்டுட்டு எடுங்க.

உடன்குடி பக்கம்

எங்க தாத்தா பனையேறி, இடது கை. அவரோட அருவாப்பெட்டி மத்தவங்களுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும். உச்சியில மட்டைக்கு நடுவுல ஒரு கை பாளையைப் பிடிச்சிருக்க, மறு கை பார்க்காமலே பெட்டிக்குப் போகும். ஒருநாள் பெட்டிக் கயிறு அறுந்துபோய், பக்கத்துத் தோட்டத்து மாமாவோட பெட்டியைக் கட்டிட்டு ஏறினார். பாளை அருவா வழக்கத்துக்கு மாறா வாய் திரும்பி இருந்திருக்கு. இறங்கும்போது மூணு விரலும் ரத்தம். கலயத்துப் பதனியில ரத்தம் விழுந்திருக்கும்னு மொத்தத்தையும் மரத்தடியில ஊத்திட்டார். நான் டம்ளரோட நின்னுட்டிருந்தேன்.

வயர்மேன், திருப்பூர்

தச்சு அண்ணே, கயிறு கட்டிட்டேன். ஏணி பிடிக்க ஆள் கேட்டா சம்பளத்துல பிடிப்பாங்க, அது வேற சண்டை. ஆம்பூர் ஐயா, நீங்க சொன்னதை எழுதி வச்சு பை தைக்கிறவர்கிட்ட நேத்து காட்டினேன். எல்லாம் புரிஞ்சுக்கிட்டார். பக்கிள் முன்னால வைக்கவா, முதுகுப் பக்கம் வைக்கவான்னு கேட்டார். முன்னால இருந்தா குனியும்போது குத்தும், பின்னால இருந்தா அவசரத்துக்கு ஒத்தைக் கையால கழட்ட முடியாது. இடது கைக்காரங்க யாராவது ரெண்டையும் கட்டிப் பார்த்திருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை துணி வெட்டறார்.