−20 ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இருக்கும் திசுக்களை −80-க்கு மாற்றுவது எப்படி?

மரபிழை:
அருங்காட்சியகத்தில் பறவை, வௌவால் திசுக்கள் 2 மி.லி. குப்பிகளில் சுமார் 600 இருக்கின்றன. பாதி 95% எத்தனாலில் உள்ளவை, மீதி எந்தத் திரவமும் சேர்க்காமல் உறையவைத்தவை. எல்லாம் −20 டிகிரி ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசரில். இப்போது ஒரு −80 டிகிரி ஃப்ரீசர் வந்திருக்கிறது. அப்படியே எடுத்து மாற்றினால் போதுமா? மரபணுத்தொகுதி (ஓர் உயிரின் முழு டிஎன்ஏ) ஆய்வுக்கு இவை தேறுமா?

உறைகுப்பி:
திரவம் இல்லாதவற்றை முதலில் மாற்றுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர் பனி படியாமலிருக்க அவ்வப்போது தன் சுருளைத் தானே சூடாக்கும். அந்த ஒவ்வொரு முறையும் சிறு குப்பிகள் இளகலை நெருங்கித் திரும்புகின்றன. பனிப்படிகங்கள் பெரிதாகிச் செல்களைக் கிழிக்க, உள்ளிருக்கும் நொதிகள் வெளியேறி டிஎன்ஏவை நறுக்குகின்றன. −20-இல் உப்பு கலந்த நீர் முழுதாக உறைவதும் இல்லை. நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

தெர்மோகோல் பெட்டியில் உலர்பனி (உறைந்த கார்பன் டைஆக்சைடு, −78.5 டிகிரி) நிரப்பி, ரேக்கோடு அதற்குள் வைத்து நகர்த்துங்கள். மேஜையில் பரப்பி லேபிள் சரிபார்க்கும் வேலை வேண்டாம். இத்தனை சிறிய குப்பி சில நிமிடங்களிலேயே ஓரத்தில் இளகத் தொடங்கிவிடும். மூடியின் உட்புறம் பனி படிந்து திசு சுருங்கியிருந்தால் ஈரம் வெளியேறுகிறது என்று அர்த்தம். ரப்பர் வளையம் உள்ள மூடிக்கு மாற்றுங்கள்.

எத்தனால் உறைவது −114-இல். ஆகவே −80-இல் அது திரவமாகவே இருக்கும். அங்கே ஆபத்து கசிவு. குளிரில் மூடி தளர்ந்து எத்தனால் வழிந்தால் மார்க்கர் எழுத்து அழிந்துவிடும். பாடம் செய்த உடலின் பதிவெண் தெரியாத திசுவால் யாருக்கும் பயனில்லை. எண்ணைப் பென்சிலால் தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே குளிர் தாங்கும் பார்கோடு லேபிள்.

செல்சுவர்_இல்லை:
எத்தனால் குப்பிகளில் திசு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். திசு 1 பங்குக்கு எத்தனால் 10 பங்காவது வேண்டும். குறைந்தால் திசுவிலிருக்கும் நீரே எத்தனாலை நீர்த்துப்போகச் செய்துவிடும். புதிதாகச் சேகரிக்கும்போது 3–5 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், 24 மணி நேரம் கழித்து எத்தனாலை மாற்றுங்கள். மெத்தில் கலந்த ஸ்பிரிட் கூடவே கூடாது.

மரபணுத்தொகுதிக்குத் தேறுமா என்பதை ஊகிக்காமல் சோதிக்கலாம். 10 தசை மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டுங்கள்; நீண்ட துண்டுகள் மேலே தங்கும், குறுந்துண்டுகள் கீழே இறங்கும். மேலே இறுக்கமான பட்டை தெரிந்தால் நல்லது. கீழ்வரை புகைபோலப் பரவியிருந்தால் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களும் குறுந்துண்டு வரிசையாக்கமும்தான் சாத்தியம். நீண்ட துண்டு கேட்கும் முறைகளை மறந்துவிடுங்கள். ஈரலில் நொதி அதிகம், தசையைவிடச் சீக்கிரம் கெடும். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் துளி ரத்தமே போதும். வௌவாலுக்கு இது பொருந்தாது.

வளிநிலை:
−80-ஐ நம்பி மட்டும் இருக்காதீர்கள். அதன் உயிர் கம்ப்ரசர். அலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் தனி வெப்ப உணரி பொருத்துங்கள், மாதிரியில் பாதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2001 முதல் திரவ நைட்ரஜன் தொட்டிகளில் வைப்பதன் காரணம் இதுதான்: மின்சாரம் போனாலும் குளிர் பல நாள் நிற்கும். நீர் கண்ணாடிபோல் இறுகும் சுமார் −135-க்குக் கீழே சிதைவு ஏறக்குறைய நின்றே போகும். குப்பிகளைத் திரவத்தில் மூழ்கடிக்காமல் மேலே ஆவியில் வையுங்கள்; கசியும் குப்பிக்குள் நைட்ரஜன் புகுந்தால், வெளியே எடுக்கும்போது வெடிக்கும். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். அறையில் ஆக்சிஜன் 19.5%-க்குக் கீழே போனால் அலறும் கருவி இல்லாமல் தொட்டி வாங்கவே வேண்டாம்.

மரபிழை:
திரவமில்லாத திசுவை இளகவிடாமல் இரண்டாகப் பிரிப்பது எப்படி?

உறைகுப்பி:
உலர்பனி மேல் எஃகுத் தட்டு. தட்டும் குப்பியும் நன்றாகக் குளிரட்டும். ஸ்கால்பெலையும் குளிரவைத்து அரிசி அளவு சில்லு பெயர்த்தெடுங்கள், அறுக்க வேண்டாம். ஒவ்வொரு மாதிரிக்கும் புது பிளேடு. குப்பி வெளியே வந்த தேதியையும் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதையும் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.